விருதுப் பட்டியலைத் திருத்தி வரைந்தமை

நம் கல்லூரித் திரைப்பட மன்றத்தின் அறையில், வாயிலுக்கு எதிர்ச் சுவரில், பல்லாண்டுகளாகத் தொங்கிய ஒரு படத்தை இவ்விதழ் வாசகர் பலர் கண்டிருத்தல் கூடும். பெரியதொரு வட்டம், பூசணிக்காயைக் கீற்றுக் கீற்றாக அரிந்து வைத்தாற்போன்ற பிரிவுகள், ஒவ்வொரு கீற்றும் ஒரு மொழி. 'தேசியத் திரைப்பட விருதுகளில் நம் நாட்டு மொழிகளின் பங்கு' என்பது தலைப்பு. அதன் அடியில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் உரிய பங்கைக் காட்டும் சிறு வட்டம் ஒன்று. ஆண்டு விழாக் கண்காட்சிக்காக இதனைப் புதுப்பிக்கும் பணி சென்ற பருவத்தில் என்னிடமும் நண்பர் மூவரிடமும் ஒப்புவிக்கப்பட்டது. மங்கிய இடங்களில் வண்ணம் தீட்டிப் பின்வந்த ஆண்டுகளைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்றெண்ணியே தொடங்கினோம். முடித்தபொழுது பழைய படத்தின் கோடு ஒன்றேனும் எஞ்சவில்லை. அஃது ஏன் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் என் ஊரைப் பற்றி ஓரிரு சொற்கள் கூறவேண்டும். யான் ஓசூரிற் பிறந்தேன். என் தந்தையார் ஆங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிற் பணியாற்றுபவர். எங்கள் வீட்டில் வழங்குவது தெலுங்கு. அண்டை வீட்டில் கன்னடம். அங்காடியில் உருதும் தமிழும். யான் பயின்றது தமிழ்ப் பள்ளியில். இன்று பயில்வது தமிழ்ச் சிறப்பு வகுப்பில். ஜூஜூவாடியைக் கடந்தால் கருநாடகம், அப்பால் அத்திப்பள்ளி. பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-ல் தருமபுரி மாவட்டத்திற்குச் சென்றது. 2004-ல் கிருட்டிணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர் நின்ற இடத்திலேயே நிற்க, அதன்மேல் எழுதிய பெயர்ச் சீட்டு மட்டும் மாறி மாறி வந்தது. இவற்றை ஈண்டுக் கூறுவது ஊர்ப்பெருமை பேசுதற்கன்று. 'எந்தக் கட்டத்தில் எழுதுவது?' என்னும் வினா எங்கள் ஊரார்க்குப் பழகிய வினா. அவ்வினாவே படத்தை வரையும்பொழுது எங்களை முதன்முதலில் தடுத்து நிறுத்தியது.

தேசியத் திரைப்பட விருதுகள் 1953-ஆம் ஆண்டின் படங்களுக்கு, 1954-ல் முதன்முதலாக வழங்கப்பட்டன. அன்று சிறந்த படத்திற்குரிய குடியரசுத் தலைவரின் பொற்பதக்கத்தைப் பெற்றது 'சியாம்சி ஆயி' என்னும் மராத்திப் படம். இயக்கியவர் ஆசார்ய அத்ரே. நடிகர்க்கும் நடிகையர்க்கும் இயக்குநர்க்கும் தனித்தனியே விருது கொடுக்கும் வழக்கம் 1967-ஆம் ஆண்டுப் படங்கள் தொட்டே உண்டாயிற்று. அவ்வாண்டு உத்தம் குமாரும் நர்கிசும் நடிப்பிற்கும், சத்தியஜித் ராய் இயக்கத்திற்கும் பெற்றனர். 2025-ல் வழங்கிய 71-ஆவது விருதுகள் 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கு உரியவை. ஆகவே எம் முன் கிடந்தவை எழுபத்தோர் ஆண்டுப் பட்டியல்கள். அவற்றைக் கூட்டி வட்டத்துள் அடைத்ததே பழைய படம்.

அக்கூட்டலில் முதற் பிழை யாதெனின், வேறுவேறு இயல்புடைய விருதுகளை ஒரே கூடையில் இட்டமை. நாடு முழுமைக்கும் உரிய சிறந்த படம் என்பது ஒன்று. தமிழிற் சிறந்த படம், கன்னடத்திற் சிறந்த படம், அசாமியத்திற் சிறந்த படம் என்பன வேறு. பின்னவை மொழிதோறும் பகுத்துக் கொடுப்பவை; தகுதியுள்ள படம் இருப்பின் அம்மொழிக்கு ஒன்று கிட்டியே தீரும். இவற்றையும் சேர்த்து எண்ணினால் எல்லா மொழிகளும் ஏறத்தாழச் சமமாக நிற்பதுபோல் தோன்றும். பந்தியில் எல்லார்க்கும் ஓர் அப்பளம் வைத்தமையைச் சான்று காட்டி, பாயசமும் அவ்வாறே பகிரப்பட்டது என்று கூறுவதை ஒக்கும் இது. மொழிவாரி விருதுகளை விலக்கி, எல்லா மொழிகளும் ஒன்றோடொன்று போட்டியிடும் விருதுகளை மட்டும் எடுத்துக்கொண்டவுடன் பூசணிக்கீற்றுக்கள் உருமாறின. சிறந்த படத்திற்கான விருதை வங்காளம் இருபது முறைக்கு மேலும் மலையாளம் பத்து முறைக்கு மேலும் பெற்றுள்ளன. கன்னடம் பெற்றது ஆறு. தமிழ் பெற்றது மூன்று. தெலுங்கு பெற்றது ஒன்றே ஒன்று. அது 2015-ஆம் ஆண்டின் 'பாகுபலி'.

மகளிர் பங்கைக் காட்டிய சிறு வட்டத்திலும் இதே பிழை இருந்தது. சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகை, சிறந்த பின்னணிப் பாடகி என்னும் விருதுகள் மகளிர்க்கே உரியவை. இவற்றையும் கூட்டினால் மகளிர் பங்கு கண்ணுக்கு இனிதாக விரிகின்றது. இவற்றை நீக்கி, இருபாலாரும் போட்டியிடத்தக்க இயக்கம், ஒளிப்பதிவு முதலியவற்றை மட்டும் எண்ணும்பொழுது பட்டியல் வறண்ட ஏரிபோல் ஆகிவிடுகின்றது. இயக்கத்திற்கான விருதை முதன்முதல் பெற்ற பெண்மணி அபர்ணா சென். '36 சௌரங்கி லேன்' என்னும் படத்திற்காக 1981-ல். அந்நிரையில் அடுத்து ஒரு பெண்ணின் பெயரைக் காண விரலை நகர்த்திக்கொண்டே சென்றோம். 2002-ல் விரல் நின்றது. ஆங்கும் அபர்ணா சென்னே இருந்தார்! ஒளிப்பதிவிற்கு ஒரு பெண்மணி பரிசு பெற 2009-ஆம் ஆண்டுப் படங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது; 'குட்டி சிராங்கு' என்னும் மலையாளப் படத்திற்காக அதனைப் பெற்றவர் அஞ்சலி சுக்லா.

இனி, இரண்டாவது பிழை. வட்டத்திற்குக் காலம் தெரியாது. எழுபதாண்டுச் செய்தியை ஒரே கணத்தில் நிகழ்ந்ததுபோல் அது காட்டும். தாதாசாகேப் பால்கே விருதை எடுத்துக்கொள்க. 1969-ல் இவ்விருது ஏற்பட்டபொழுது முதலாவதாகப் பெற்றவர் தேவிகா ராணி என்னும் பெண்மணியே. பின்னர் ரூபி மயர்சு, கானன் தேவி, துர்கா கோட்டே, லதா மங்கேசுகர் ஆகியோர் பெற்றனர். 2000-ஆம் ஆண்டிற்கு ஆசா போசுலே பெற்றார். அதற்குப்பின் 2020-ஆம் ஆண்டிற்கு ஆசா பாரேக்கு பெறும் வரை இடைப்பட்ட பத்தொன்பது விருதுகளும் ஆடவர்க்கே சென்றன. மொத்தக் கணக்கைப் பங்கிட்டு வட்டத்தில் வரைந்தால் இந்தப் பத்தொன்பதாண்டு வெறுமை எங்கோ கரைந்து போகின்றது. ஆண்டுகளை வரிசையாக வைத்து ஆண்டிற்கு ஒரு புள்ளியாக இட்டால், தூரத்தில் நிற்பவர் கண்ணிலும் அது படும். தொடங்கியபொழுது இருந்தது இடையில் இல்லாமற் போயிற்று என்னும் செய்தி, பங்கு மிகக் குறைவு என்பதினும் வேறான செய்தியன்றோ?

இவ்வாறு வட்டத்தைக் கைவிட்டுப் புள்ளிகளுக்கு வந்தோம். பெரிய தாள்களை ஒட்டி, விருது ஒவ்வொன்றிற்கும் ஒரு நிரை, ஆண்டு ஒவ்வொன்றிற்கும் ஒரு நிரல் என வகுத்தோம். ஒரு விருதிற்கு ஒரு புள்ளி. இருவர் பகிர்ந்துகொண்டால் அதே கட்டத்துள் இரண்டு அரைப்புள்ளிகள். விழுக்காட்டுக் கணக்கை அறவே தவிர்த்தோம். எழுபத்தொன்றில் ஒன்று என்பதை 'ஒன்றரை விழுக்காட்டிற்குக் குறைவு' என்று எழுதினால் ஏதோ பெரிய ஆராய்ச்சி போல் ஒலிக்கின்றது. ஒரே ஒரு படம் என்று காட்டிவிட்டால் எவரும் மயங்கார்.

எந்த ஆண்டின் நிரலில் இடுவது என்பதிலும் இடர்ப்பட்டோம். பழைய படத்தை வரைந்தோர் படத்திற்குரிய ஆண்டையும் விருது அறிவித்த ஆண்டையும் கலந்துவிட்டனர். 'காஞ்சிவரம்' 2007-ஆம் ஆண்டிற்குரிய விருதைப் பெற்ற படம். ஆனால் அவ்விருது அறிவிக்கப்பட்டதோ 2009-ல். ஆகவே அதன் நடிகர் ஓர் ஆண்டிலும் அப்படமே மற்றோர் ஆண்டிலுமாக நின்றனர்! படங்களுக்குத் தணிக்கைச் சான்று கிடைத்த ஆண்டை வைத்தே விருதிற்குத் தகுதி கணிக்கப்படுதலின், அவ்வாண்டையே யாங்கள் எங்கும் கொண்டோம்.

வண்ணத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். முதலில் மொழிக்கொரு வண்ணம் தீட்டினோம். எம் நால்வருள் ஒருவர்க்குச் செம்மையும் பசுமையும் வேறுபடுவதில்லை என்பது அப்பொழுதே தெரிய வந்தது. மூன்றாண்டுகளாக உடன் உண்டு உடன் பயின்றும் யாங்கள் அறியாத செய்தி அது. அவர் கண்ணிற்கு மலையாளமும் கன்னடமும் ஒன்றாயிருந்தன. பன்மையைக் காட்ட வந்த படம், பார்க்கும் கண்களின் பன்மையை மறந்துவிட்டதே என்று நகைத்துக்கொண்டு, வண்ணத்தோடு வடிவத்தையும் சேர்த்தோம்: முக்கோணம், சதுரம், வட்டம், பிறை. மகளிர் பெற்றதாயின் உள்ளே நிறைந்தும், ஆடவர் பெற்றதாயின் உள்ளே வெற்றிடமாகவும் வரைந்தோம்.

எண்ணிக்கையைப் படமாக்கி வழக்காடும் முறை புதியதன்று. கிரிமியப் போரில் மாண்ட வீரர்களுட் பெரும்பாலோர் காயத்தாலன்றித் தடுக்கத்தக்க நோயால் மாண்டனர் என்பதை அரசாங்கத்தார்க்கு உணர்த்த 1858-ல் புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார் வரைந்த படம் பெயர் பெற்றது. அதனினும் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது டூ பாய்சு என்னும் கருப்பினப் பேராசிரியர் செய்தது. 1900-ல் பாரிசு நகரிற் கூடிய உலகக் கண்காட்சிக்காக, அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் தம்மிடம் பயின்ற மாணாக்கரைத் துணைக்கொண்டு, அமெரிக்கக் கருப்பின மக்களின் கல்வி, நிலவுடைமை, தொழில் ஆகியவற்றை அறுபது அளவிலான தாள்களில் மைகொண்டு அவர் வரைவித்தார். ஒரு தாளில் கோடு நத்தை ஓடு போலச் சுருண்டு செல்லும். கோடு தாளிற்கு அடங்காதாயின் அதனைச் சுருட்டிவிடலாம் என்னும் துணிவு எங்களுக்கு ஆங்கே கிடைத்தது. அவை மாணவர் கையால் வரைந்தவை என்பதை அறிந்தபின், எங்கள் அளவுகோல் சற்றுக் கோணியதற்கு யாங்கள் வருந்தவில்லை.

இக்காலத்தே அமெரிக்க நாட்டு ஆசுகார் விருதுகளைப் பற்றி இவ்வகை எண்ணிக்கை பெரும்பூசலை விளைத்தது. 2015-லும் 2016-லும் நடிப்பிற்குப் பரிந்துரைக்கப்பட்ட இருபதின்மரும் வெள்ளையரே என்பதை ஏப்ரல் ரெய்ன் என்னும் பெண்மணி தொடங்கிய முழக்கம் உலகறியச் செய்தது. விருது வழங்கும் கழகமும் தன் உறுப்பினருள் மகளிர் தொகையையும் சிறுபான்மையோர் தொகையையும் 2020-க்குள் இருமடங்காக்குவதாக 2016-ல் உறுதி கூறியது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 1929 முதலாகப் பரிந்துரைக்கப்பட்டோர் அனைவரையும் பால்வழியும் இனவழியும் தொகுத்துள்ளனர். அந்த நெடுவரிசையில் 1940-ல் ஹாட்டி மெக்டேனியல் என்னும் கருப்பினப் பெண்மணி நடிப்பிற்குப் பரிசு பெற்றார். விருந்து மண்டபத்தில் அவர் தனி மேசையில் அமர்த்தப்பட்டிருந்தார். அவர்க்குப்பின் மற்றொரு கருப்பினப் பெண்மணி நடிப்பிற்குப் பெற்றது 1991-ல். இயக்கத்திற்குப் பெற்ற முதற் பெண்மணி காத்தரின் பிகலோ, ஆண்டு 2010. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள தொலைவே ஆங்கும் பேசுகின்றது.

நம் நாட்டிற்கு அம்முறையை அப்படியே கொணர்தல் இயலாது. ஆங்கு நிறம் வினாவாகின்றது. ஈங்கு மொழி, சாதி, ஊர் எனப் பல. இவற்றுள் மொழி எளிது என்று எண்ணினோம். படத்தின் மொழி பட்டியலிலேயே எழுதப்பட்டுள்ளதன்றோ? எம்மை நெடுநாள் மயக்கியது அதுவே.

தமிழ் பெற்ற மூன்றைப் பாருங்கள். 1990-ஆம் ஆண்டின் 'மறுபக்கம்', இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' என்னும் கதையைத் தழுவியது, இயக்கியவர் சேதுமாதவன். அவர் பாலக்காட்டிற் பிறந்து மலையாளப் படங்களாற் பெயர்பெற்றவர். 'காஞ்சிவர'த்தை இயக்கிய பிரியதர்சன் திருவனந்தபுரத்தவர். 2020-ஆம் ஆண்டின் 'சூரரைப் போற்று' படத்தை இயக்கிய சுதா கொங்கரா ஆந்திரத்திற் பிறந்தவர். தமிழின் மூன்று வெற்றிகளுக்கும் உரிய இயக்குநர் மூவரும் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பாற் பிறந்தோர். 'இன்றைய' என்று அழுத்திக் கூறுகின்றேன். சேதுமாதவன் பிறந்தபொழுது பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தது.

கன்னடத்தின் ஆறும் இவ்வாறே வியப்பூட்டின. முதலாவதான 'சம்சுகார'வை இயக்கிய பட்டாபிராம ரெட்டி தெலுங்கர். 'சோமன துடி' பி. வி. காரந்து இயக்கியது. எஞ்சிய நான்கும், அதாவது 1977-ன் 'கடசிராத்த', 1986-ன் 'தபரன கதே', 1997-ன் 'தாயி சாகேப', 2001-ன் 'துவீப' ஆகியவை, கிரீசு காசரவள்ளி என்னும் ஒருவர் இயக்கியவை. எனவே 'கன்னடம் ஆறு' என்று வெறுமனே எழுதுங்கால், ஒரு மனிதரின் தனித்திறனை ஒரு மாநிலத்தின் நிலைமையாகக் காட்டிவிடுகின்றோம். எதிர்மாறாக, 1987-ல் 'வீடு' என்னும் தமிழ்ப் படத்திற்கும் அடுத்த ஆண்டே 'தாசி' என்னும் தெலுங்குப் படத்திற்கும் சிறந்த நடிகை விருது பெற்றவர் அர்ச்சனா என்னும் ஒருவரே. மொழிக் கணக்கில் இரண்டு, ஆட்கணக்கில் ஒன்று. ஆகவே ஒருவரே மீண்டும் பெற்ற இடங்களை மெல்லிய நூற்கோட்டால் இணைத்தோம். அந்நூல்கள் விழுந்தபின்னரே படத்திற்கு உயிர் வந்தது.

எல்லையூரானாகிய எனக்கு, நடிப்பிற்கான நிரைகளே பெருவிருந்து. தமிழ்ப் படத்தில் நடித்துச் சிறந்த நடிகர் விருது ஒன்பது முறை பெறப்பட்டுள்ளது. 1971-ல் 'ரிக்சாக்காரன்' படத்திற்காக எம்.ஜி.ஆர்.; கமல்ஹாசன் மும்முறை; விக்கிரம்; தனுசு இருமுறை; சூர்யா; 'காஞ்சிவர'த்திற்காகப் பிரகாசுராசு. இவருட் பிரகாசுராசு பெங்களூரிற் பிறந்தவர். எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கையிற் கண்டியில். 2006-ல் 'பருத்திவீரன்' படத்தில் மதுரைச் சீமைப் பெண்ணாக நடித்து விருது பெற்ற பிரியாமணியும், 2022-ஆம் ஆண்டிற்குத் 'திருச்சிற்றம்பலம்' படத்திற்காகப் பெற்ற நித்யா மேனனும் பெங்களூரிற் பிறந்தோரே. இவர்களை 'தமிழ்' என்னும் முக்கோணத்தால் மட்டும் குறித்துவிட்டால் ஓசூர்ச் சுங்கச் சாவடியைக் கடந்து நாடோறும் போய்வரும் பேருந்துகளை மறைத்ததாகும்.

உச்சமாக, 'சூரரைப் போற்று' ஒன்றை எந்தக் கட்டத்தில் எவ்வாறு வரைவது என்று ஓர் இரவு முழுதும் வழக்காடினோம். மலிவுக் கட்டண வான்பயணத்தைத் தொடங்கிய கோபிநாத் என்பாரின் வாழ்க்கையைத் தழுவியது அக்கதை. அவர் கருநாடகத்துக் கோரூரைச் சேர்ந்தவர். அவர் தொடங்கிய வானூர்தி நிறுவனம் பெங்களூரில் நிலைகொண்டது. கதைத்தலைவன் தமிழ்ப் படத்திற் சோழவந்தான் ஊரினன் ஆனான். இயக்கம் ஆந்திரத்தார், நாயகி அபர்ணா பாலமுரளி கேரளத்தார், நாயகன் தமிழர், திரைக்கதை விருது சுதா கொங்கராவிற்கும் சாலினி உசா நாயர்க்கும், அதாவது இரு பெண்டிர்க்கு. 'இது தமிழ்தான், தமிழிற் பேசுகின்றதல்லவா?' என்றார் ஒரு நண்பர். 'பேச்சு தமிழ், பிறப்பு நான்கு மாநிலம்' என்றார் மற்றொருவர். யான் வாய்திறக்கவில்லை. தமிழிலே பேசித் தமிழிலே எழுதி, இல்லத்திலே தெலுங்கு வழங்கும் ஒருவரை எந்தக் கட்டத்தில் இடுவார்களோ, அந்தக் கட்டம் எது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் 'தாய்மொழி' என்னுமிடத்தில் எழுதுகோலை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்த நாள் நினைவிற்கு வந்தது. ஒரு கோட்டின்மேல் ஒரே சொல்லை எழுதவே ஆங்கு இடமிருந்தது.

முடிவில் வெளிவடிவத்தைப் படத்தின் மொழிக்கும், அதன் அருகே ஒரு சிறு எழுத்தைப் பிறந்த நாட்டுப் பகுதிக்கும் வைத்தோம். பிறப்பிடம் பலரறியப் பதிவாகியுள்ளோர்க்கு மட்டுமே அவ்வெழுத்து. ஏனையோர்க்கு இடம் வெறுமையாகவே நின்றது. பெயரின் ஒலியைக் கேட்டுத் தாய்மொழியை ஊகித்தல் தவறு என்பதில் நால்வரும் ஒருமனப்பட்டோம். இரஜினிகாந்து ஒருவரே அதற்குப் போதிய சான்று: மராத்தி பேசும் குடும்பம், பிறந்தது பெங்களூர், முன்னோர் ஊர் எங்கள் கிருட்டிணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம், புகழ் தமிழில், 2019-ஆம் ஆண்டிற்குரிய பால்கே விருது அனைத்திந்திய நிரையில்.

சாதியை எண்ணலாமா என்னும் வினா எழுந்தபொழுது பேச்சு நெடுநேரம் நின்றுபோயிற்று. விருதுப் பட்டியலில் அது எழுதப்படுவதில்லை. ஊகித்து எழுதுதல் தகாது. எழுதாமல் விட்டாலோ, எவரும் விடுபடவில்லை என்று படம் பொய் கூறும். அப்பொழுது ஒருவர் பி. கே. ரோசியின் பெயரை நினைவூட்டினார். மலையாளத்தின் முதற் பேசாப்படமாகிய 'விகதகுமாரன்' என்பதில் நாயகியாக நடித்தவர் அவர்; ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண். உயர்குலப் பெண்ணாக அவர் திரையில் தோன்றியதைப் பொறாதவர் திருவனந்தபுரத்தில் கலகம் விளைத்து அவர் குடிசையையும் எரித்தனர். தமிழ்நாட்டுப் பக்கம் ஓடிவந்து பெயரை மறைத்து வாழ்ந்தார். படச்சுருளும் இன்று இல்லை. அப்படத்தை ஆக்கிய ஜே. சி. தானியேலின் பெயரால் கேரள அரசு 1992 முதல் ஆண்டுதோறும் உயர்விருது வழங்குகின்றது. ரோசிக்கு எந்த நிரையில் எந்தப் புள்ளி? தேசிய விருதுகள் தோன்றுதற்கு இருபதாண்டிற்கு மேல் முன்னரே துரத்தப்பட்டவர் அவர். படத்தின் இடக்கோடியில், 1953-க்கு முன், ஒரு முழ அகலம் வெற்றிடமாக விட்டு, அதன் அடியில் அவர் பெயரை மட்டும் எழுதினோம்.

இன்னுமொரு குறையை மறைத்தல் நேர்மையன்று. நடுவர் குழு காண்பது விண்ணப்பித்த படங்களையே. ஒரு மொழியில் ஓராண்டு எத்தனை படங்கள் எடுக்கப்பட்டன, அவற்றுள் எத்தனை விண்ணப்பிக்கப்பட்டன என்னும் இரண்டும் தெரிந்தாலன்றித் தெலுங்கிற்கு ஒன்றே கிட்டியதன் காரணத்தைத் தீர்ப்பாகச் சொல்லுதல் கூடாது. பெருந்தொகையான படங்களை ஆக்கும் மொழி குறைவாகவும், சிறுதொகையே ஆக்கும் மொழி மிகுதியாகவும் பெறுவது நடுவர் சுவையாலும் ஆகலாம். விண்ணப்பிப்போர் மனநிலையாலும் ஆகலாம். 2011-ஆம் ஆண்டில் 'பியாரி' என்னும் படம் சிறந்த படத்திற்கான விருதை ஒரு மராத்திப் படத்தோடு பகிர்ந்துகொண்டது. கருநாடகக் கடற்கரையில் முசுலிம் மக்கள் பேசும் பியாரி மொழியில் எடுத்த முதற்படமே அது! முதற்படத்திலேயே முடிசூடிய மொழி. வட்டத்திலாயின் அதற்கு மயிரிழையளவு கீற்றே கிடைத்திருக்கும். புள்ளிப் படத்திலோ அது வங்காளத்துப் புள்ளி எதற்கும் இளைத்ததன்று.

கண்காட்சி முடிந்தபின் படத்தைச் சுருட்டிக்கொண்டு விடுமுறைக்கு ஓசூர் சென்றேன். கூடத்தில் விரித்தபொழுது எங்கள் அவ்வா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அருகே அமர்ந்தார். எழுத்தறியாதவர்; ஆயினும் படங்களைக் காணாத வாரமில்லை. 'இதிலே நாம் பார்த்தது எதுடா?' என்றார். 'பாகுபலி'யின் சதுரத்தைச் சுட்டினேன்.

'அதைத் தெலுங்கில் அல்லவா பார்த்தேன்.'

'தெலுங்குச் சதுரந்தான் அவ்வா.'

'உன் தம்பி தமிழிலே பார்த்தானே. அவன் பார்த்தது எங்கே?'

அப்படம் தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே எடுக்கப்பட்டது என்பதும், விருதுப் பட்டியலில் தெலுங்கு என்று மட்டும் பதிவாயிற்று என்பதும் எனக்குத் தெரியும். நால்வருமாக ஓர் இரவு வழக்காடியும் இப்புள்ளியை யாங்கள் ஐயுறாது விட்டிருந்தோம். தம்பி உள்ளிருந்து கரிக்கோலைக் கொணர்ந்தான். சதுரத்தின் ஓரத்தில் முக்கோணம் ஒன்றை மெலிதாக வரைந்தேன். தாளின் வலக்கோடியில் 72-ஆவது நிரலுக்கு இடமில்லை என்பதையும் அவனே கண்டு, பழைய நாட்காட்டியின் பின்புறத்தைக் கத்தரித்து ஒட்டத் தொடங்கினான்.